ஒரு வார்த்தை தெரியாததால்

(நமது ஆஸ்பத்திரியின் ஆதரவாளர் கூடுகையில், நர்சிங் பள்ளியின் மூத்த ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இந்த மேடையில் வழக்கமாக டாக்டர்கள் பேசுவார்கள். பொருளாளர் ஐயா கணக்கு வாசிப்பார்கள். இந்த முறை நர்சிங் பள்ளியிலிருந்து ஒருவர் பேசட்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அதற்குக் காரணம் ஒரு கடிதம். நமது பள்ளியில் ஒரு மாணவியின் படிப்புச் செலவை ஏற்றுத் தாங்கிவரும் ஒரு தாயார் எழுதியிருந்தார்கள். "நான் தாங்குகிற பிள்ளை இந்த வருடப் பரீட்சையில் தவறிவிட்டதாக அறிந்தேன். அவள் சரியாகப் படிக்கவில்லையா? இந்தப் படிப்பு அவளுக்கு ஏற்றதுதானா?" என்று கேட்டிருந்தார்கள். கோபத்தில் எழுதிய கடிதம் அல்ல. அக்கறையோடு கேட்ட கேள்வி. பணம் கொடுக்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வியும்கூட.

அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரியில் எழுத முடியவில்லை. அந்தப் பிள்ளையின் காரியத்தை இங்கே நான் பேசப்போவதில்லை. சில வருடங்களுக்கு முன் நானே திருத்தி, நானே பூஜ்யம் போட்ட ஒரு விடைத்தாளைப் பற்றிச் சொல்லுகிறேன். அதுவே அந்தக் கடிதத்துக்கு என் பதிலாக இருக்கட்டும்.

நமது பள்ளிக்கு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் தமிழில் படித்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை இருதயத்தை இருதயம் என்றும், நுரையீரலை நுரையீரல் என்றும் படித்திருப்பார்கள். இங்கே வந்த முதல் நாளே எல்லாம் மாறிவிடும். பாடப் புத்தகம் ஆங்கிலம். வகுப்பு ஆங்கிலம். கேள்வித்தாள் ஆங்கிலம். எழுதும் விடையும் ஆங்கிலம். மூன்று வருடப் படிப்பின் முதல் வருடத்தில் ஆங்கிலமும் ஒரு பாடமாக உண்டு. ஆனால் அது ஒரு பாடம் மட்டுமே. மற்றப் பாடங்கள் ஆங்கிலம் வந்து சேரும் வரைக்கும் காத்திருப்பதில்லை.

நான் சொல்லும் மாணவி அப்படி வந்தவள்தான். பெயர் வேண்டாம். இரண்டாம் வருடத்தில் இருந்தாள். மருந்துகளைப் பற்றி ஒரு பள்ளிப் பரீட்சை வைத்தேன். ஒரு கேள்வி டிஜாக்சின் மாத்திரையைப் பற்றியது. இருதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் மருந்து அது. இருதயத் துடிப்பைப் பலப்படுத்தும். அதே சமயம் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும். ஆகவே கொடுக்கும் முன் நர்ஸ் ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு அறுபதுக்குக் கீழே இருந்தால் மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்கு இது பால பாடம்.

நான் கேட்டிருந்த கேள்வி, நர்ஸ் எப்பொழுது டிஜாக்சினை "வித்ஹோல்டு" செய்வாள் என்பது. அதாவது, எப்பொழுது கொடுக்காமல் நிறுத்திவைப்பாள்? அந்த மாணவி அரைப் பக்கம் எழுதியிருந்தாள். நோயாளியின் பெயரைச் சரிபார்க்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், மாத்திரையை விழுங்கும் வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தாள். எல்லாம் நல்ல நர்சிங் முறைகள்தான். கேட்ட கேள்விக்கு ஒன்றும் பதில் இல்லை. சிவப்பு மையால் பூஜ்யம் போட்டு, "பாடத்தைக் கவனிப்பதில்லை" என்று ஓரத்தில் எழுதினேன்.

அதே வாரத்தில் ஒரு காலை நேரம் மெடிக்கல் வார்டுக்குப் போனேன். அவள் அங்கே மருந்து கொடுக்கும் முறையில் இருந்தாள். ஒரு வயதான அம்மாவின் கட்டில் அருகே நின்றுகொண்டிருந்தாள். மருந்துச் சீட்டில் டிஜாக்சின் இருந்தது. ஆனால் கொடுத்ததற்கான கையெழுத்து இல்லை. ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"பல்ஸ் அம்பத்திரெண்டுதான் இருந்துச்சு மேடம். ரெண்டாவது தடவையும் ஒரு நிமிஷம் எண்ணிப் பாத்தேன். அதனால குடுக்கல. டியூட்டி டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன், வந்துக்கிட்டு இருக்காங்க" என்றாள்.

நான் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. இதைத்தானே நான் கேள்வித்தாளில் கேட்டேன்! மாலையில் அவளை அழைத்து, அந்த விடைத்தாளை முன்னே வைத்து, இந்தக் கேள்வியை என்னவென்று புரிந்துகொண்டாய் என்று கேட்டேன். அவள் பயந்துகொண்டே சொன்னாள்: "ஹோல்டுன்னா பிடிக்கிறது, வித்துன்னா கூட. மாத்திரையக் கையில வச்சிக்கிட்டு, கூடவே இருந்து குடுக்கிறதுன்னு நெனச்சேன் மேடம்."

யோசித்துப் பாருங்கள். தெரியாத வார்த்தையை அவள் புத்தியோடுதான் பிரித்திருக்கிறாள். அவள் எண்ணிய அர்த்தத்துக்குச் சரியான பதிலையும் எழுதியிருக்கிறாள். ஆனால் அர்த்தம் நேர் எதிராகப் போய்விட்டது. நான் நர்சிங் அறிவைச் சோதித்ததாக எண்ணிக்கொண்டு ஒரு ஆங்கில வார்த்தையைச் சோதித்திருந்தேன். அவளுக்கு நான் போட்ட மதிப்பெண் பொய்யான மதிப்பெண்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதற்கு முந்தின வருடம் படிப்பை விட்டுப் போன இன்னொரு பிள்ளையின் நினைவு வந்தது. எழுத்துப் பரீட்சையில் திரும்பத் திரும்பத் தவறினாள். கூலி வேலை செய்யும் அவளுடைய தகப்பனார் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வந்தபோது, "உங்கள் மகளுக்கு நர்சிங் வராது ஐயா" என்று சொன்னது நான்தான். மறுநாள் பீரோவைத் திறந்து அவளுடைய பழைய விடைத்தாள்களை எடுத்து உட்கார்ந்தேன். எந்தப் பூஜ்யம் நர்சிங் தெரியாததால் வந்தது, எந்தப் பூஜ்யம் கேள்வி புரியாததால் வந்தது என்று பிரிக்கத் தொடங்கினேன். பாதியில் என்னால் முடியவில்லை, மூடி வைத்துவிட்டேன். அவளுக்குக் கடிதம் எழுதினோம். கலியாணம் முடிந்து, வேறு ஊரில் மில் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதாகவும், இனிப் படிப்பு வேண்டாம் என்றும் பதில் வந்தது. அவள் கைகளில் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டும் பக்குவம் அப்படி இருந்தது. அவளை நாம் இழந்துவிட்டோம். அதை உங்களிடம் மறைக்க எனக்கு மனம் இல்லை.

நியாயாதிபதிகள் புஸ்தகம் 12ஆம் அதிகாரத்தில் வரும் சம்பவம் உங்களுக்குத் தெரியும். யோர்தானின் துறைகளில் கீலேயாத்தியர் நின்றுகொண்டு, கடந்துபோக வருகிறவர்களை ஷிபோலேத் என்று சொல்லச் சொன்னார்கள். எப்பிராயீமருக்கு அந்த "ஷ" வரவில்லை, சிபோலேத் என்றார்கள். அந்த ஒரு எழுத்தினால் பிடிபட்டு மாண்டுபோனார்கள். அந்த யுத்தத்தில் விழுந்தவர்கள் நாற்பத்தீராயிரம் பேர். நம்முடைய பிள்ளைகளும் வாய்மொழிப் பரீட்சையில் "ஷாக்" என்று சொல்ல வேண்டியதை "சாக்" என்பார்கள். சில பரீட்சகர்கள் சிரிப்பார்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளை வாயைத் திறக்கமாட்டாள். ஷாக்கில் இருக்கிற நோயாளிக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு முழுவதும் தெரிந்திருக்கும். ஆனால் மெளனத்துக்கு யார் மதிப்பெண் கொடுப்பார்கள்?

இதைக் கேட்டவுடன் உங்களில் சிலர், அப்படியானால் ஆங்கிலமே வேண்டாம், தமிழிலேயே பரீட்சை வைத்துவிடலாமே என்று நினைப்பீர்கள். எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. தமிழில் மருத்துவம் சொல்லிக்கொடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யாழ்ப்பாணத்தில் மானிப்பாயில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனெரி டாக்டர் சாமுவேல் கிரீன் அவர்கள் 1847ல் அங்கே வந்தார். அறுபதுக்கும் அதிகமான நம்மவரை மருத்துவராகப் பயிற்றுவித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். "இரண வைத்தியம்" என்ற அறுவைச் சிகிச்சை நூலை 1867லும், "மனுஷ அங்காதிபாதம்" என்ற உடற்கூற்று நூலை 1872லும் தமிழில் கொண்டுவந்தார். தமிழால் அன்றே முடிந்தது.

ஆனாலும் இன்றைக்கு நமது வார்டில் நிலைமை என்ன? டாக்டர்கள் கேஸ் ஷீட்டை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். ஊசி மருந்துக் குப்பியின் மேலே உள்ள எழுத்து ஆங்கிலம். பரிசோதனைச் சாலையிலிருந்து வரும் முடிவு ஆங்கிலம். இப்பொழுது அந்த மாணவியின் காரியத்தையே மறுபுறமாகத் திருப்பிப் பாருங்கள். அன்று காலை டியூட்டி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "வித்ஹோல்டு டிஜாக்சின்" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரவு முறைக்கு வருகிறவள் அந்த வார்த்தையை அறியாதவளாக இருந்தால், மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த அம்மா விழுங்கும் வரை பக்கத்தில் நின்று கொடுத்திருப்பாள். ஏற்கெனவே மெதுவாக ஓடுகிற இருதயம் இன்னும் மெதுவாகியிருக்கும். அங்கே தவறுவது பரீட்சை அல்ல, உயிர்.

ஆகவே, நான் பூஜ்யம் போட்டது தவறு. அந்த வார்த்தை தெரியாமலேயே அவளை வார்டுக்கு அனுப்பியது அதைவிடப் பெரிய தவறு. இரண்டும் என்னுடைய தவறுகள்தான்.

இதிலிருந்து நாங்கள் ஒன்றைக் கற்றுக்கொண்டோம். கேள்வித்தாளில் வருகிற கடினமான ஆங்கில வார்த்தைகள் இரண்டு வகை. ஒன்று, நோயாளியின் கட்டிலருகே வந்து நிற்கிற வார்த்தைகள். வித்ஹோல்டு அப்படிப்பட்டது. மருந்தை ஒரேயடியாக நிறுத்தாமல் சிறிது சிறிதாகக் குறைக்கச் சொல்லும் "டேப்பர்" அப்படிப்பட்டது. உடனே கொடு என்னும் "ஸ்டாட்" அப்படிப்பட்டது. "ஹைப்போ", "ஹைப்பர்" என்ற இரண்டு சிறு சொற்களைப் பாருங்கள். ஒன்று குறைவு, மற்றது மிகுதி. காதில் விழும்போது இரண்டும் ஒன்றுபோல இருக்கும். இரத்த அழுத்தத்திலோ சர்க்கரையிலோ இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் செய்கிற காரியம் தலைகீழாகிவிடும். "ஓ.டி." என்று எழுதினால் நம் ஊரில் நாளுக்கு ஒரு முறை என்று அர்த்தம், கண் வார்டில் அதே இரண்டு எழுத்து வலது கண்ணைக் குறிக்கும். இந்த வார்த்தைகளில் சலுகை கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் ஐயத்துக்கு இடமில்லாமல் கற்றே ஆக வேண்டும்.

இரண்டாவது வகை, கேள்வி கேட்கிறவர்களின் பேனாவில் மட்டும் வாழ்கிற வார்த்தைகள். வரிசையாக எழுது என்று சொல்லாமல் "எனுமரேட்" என்று போடுவார்கள். "கீழ்க்கண்டவற்றுள் எது ஒன்றைத் தவிர மற்றவை பொருந்தாதவை அல்ல" என்கிற பாணியில் இரண்டு மூன்று மறுப்புகளை ஒரே வாக்கியத்தில் அடுக்குவார்கள். ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களே இரண்டு முறை வாசிக்க வேண்டியிருக்கும். இப்படி எந்த டாக்டரும் கேஸ் ஷீட்டில் எழுதுவதில்லை. எந்த நோயாளியும் இப்படிப் பேசுவதில்லை. இந்த வார்த்தைகளை எடுத்துவிட்டால் நர்சிங் தரம் ஒரு துளியும் குறையாது.

இது எங்கள் ஒரு பள்ளியின் எண்ணம் மட்டுமல்ல. அமெரிக்காவில் சூசன் போஷர் என்ற பேராசிரியை, அங்கே குடியேறிய பிள்ளைகள் நர்சிங் பரீட்சைகளில் ஏன் தடுமாறுகிறார்கள் என்று கேள்வித்தாள்களையே எடுத்து ஆராய்ந்து 2003ல் எழுதினார். நர்சிங் அறிவுக்குச் சம்பந்தமில்லாத மொழிச் சிக்கல்கள் கேள்விகளிலேயே இருப்பதைக் காட்டினார். 2008ல் இன்னொரு பேராசிரியையோடு சேர்ந்து, அதே கேள்விகளின் பொருளை மாற்றாமல் வாக்கியத்தை மட்டும் எளிமையாக்கி மாணவியருக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் கேள்வியை நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

ஆங்கிலம் அல்லாத இன்னொரு மொழியிலும் இதே பாடம் உண்டு. முதியோர் பெருகிய ஜப்பான் தேசம் 2008 முதல் இந்தோனேசியாவிலிருந்தும், 2009 முதல் பிலிப்பைன்சிலிருந்தும் நர்சுகளை வரவழைத்தது. வந்தவர்கள் சொந்த நாட்டில் படித்து, வேலையும் பார்த்த நர்சுகள். ஆனால் ஜப்பானின் அரசாங்கப் பரீட்சையை ஜப்பானிய மொழியில் எழுத வேண்டும். 2009ல் 82 பேர் எழுதினார்கள், ஒருவர்கூடத் தேறவில்லை. 2010ல் 254 பேர் எழுதினார்கள். மூன்றே பேர் தேறினார்கள். படுக்கைப் புண்ணை வருடக்கணக்காகக் கழுவிக் கட்டினவர்கள், படுக்கைப் புண் என்ற சொல்லின் கடினமான சித்திர எழுத்தை வாசிக்க முடியாமல் நின்றார்கள். பின்பு அந்த அரசாங்கம் யோசித்தது. கடினமான எழுத்துகளுக்கு மேலே உச்சரிப்பைக் குறித்தது. நோய்களின் பெயர்களை ஆங்கிலத்திலும் சேர்த்தது. 2012ல் 415 பேரில் 47 பேர் தேறினார்கள். 2013 முதல் எல்லாச் சித்திர எழுத்துகளுக்கும் உச்சரிப்புக் குறித்து, வெளிநாட்டவருக்குப் பரீட்சை நேரத்தையும் 1.3 மடங்காகக் கூட்டினார்கள். கேள்வி அதே கேள்விதான். கஷ்டம் முற்றும் தீர்ந்துவிடவில்லை; ஆனால் கதவு திறந்தது.

நம் பிள்ளைகளில் சிலர் பிரிட்டனுக்கு வேலைக்குப் போவதை அறிவீர்கள். அங்கே பதிவு செய்ய வழக்கமாக ஆங்கிலப் பரீட்சை ஒன்றில் தேற வேண்டும். முன்பெல்லாம் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற பொதுப் பரீட்சையைத்தான் எழுதினார்கள். அதில் ஒரு வரைபடத்தைப் பார்த்து விவரிக்க வேண்டும். ஏதாவது ஒரு பொதுப் பொருளைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். நல்ல நர்சுகள் பலர் அந்தக் கட்டுரையில் அரை மதிப்பெண்ணில் தவறி, திரும்பத் திரும்பப் பணம் கட்டினார்கள். 2017 நவம்பர் முதல் அந்நாட்டு நர்சிங் கவுன்சில் ஓ.இ.டி. என்ற இன்னொரு பரீட்சையையும் ஏற்றுக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் மருத்துவத் துறையினருக்கென்றே உருவாக்கப்பட்ட பரீட்சை அது. அதில் ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, அவரை வேறிடத்துக்கு அனுப்பும் கடிதம் எழுதச் சொல்லுவார்கள். நோயாளியோடு பேசுவது போலப் பேசச் சொல்லுவார்கள். அதுவும் கடினமான பரீட்சைதான். ஆனால் அதற்குப் படிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் வார்டில் பயன்படும். 2018 டிசம்பரில் ஐ.இ.எல்.டி.எஸ். எழுத்துப் பகுதிக்கு வேண்டிய அளவையும் 7லிருந்து 6.5 ஆகக் குறைத்தார்கள். கேட்க வேண்டியதைக் கேட்டால் போதும் என்பதை அவர்களும் கண்டுகொண்டார்கள்.

இனி நமது பள்ளியில் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லுகிறேன். பெரிய காரியங்கள் ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு மாணவிக்கும் முதல் வாரத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். முதல் பத்தியில் நோயாளி சொல்லும் தமிழ். இரண்டாவதில் பாடப் புத்தகத்து ஆங்கில வார்த்தை. மூன்றாவதில் அப்பொழுது நர்ஸ் செய்ய வேண்டியது. "நெஞ்சு படபடங்குது" என்றால் பால்பிடேஷன். "மூச்சு முட்டுது" என்றால் டிஸ்னியா. "கால் மரத்துப் போச்சு" என்றால் நம்ப்னெஸ். இந்த நோட்டில் கிராமத்துப் பிள்ளைகள் பட்டணத்துப் பிள்ளைகளை மிஞ்சிவிடுவார்கள். ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு "நீர்க்கடுப்பு" என்றால் என்னவென்று தெரியாது. பக்கத்தில் இருக்கிற தமிழ்ப் பள்ளிப் பிள்ளை சொல்லிக்கொடுக்கிறாள். பதிலுக்கு அவள் டிஸ்யூரியா என்று எழுதக் காட்டிக்கொடுக்கிறாள். தன்னிடத்திலும் ஏதோ உண்டு என்று ஒரு பிள்ளை கண்டுகொண்டால் அதன் பிறகு அவள் வாய் திறக்கிறாள்.

உயிர் காக்கும் வார்த்தைகளுக்கு வாராவாரம் தனிப் பரீட்சை வைக்கிறோம். அதில் ஐம்பது மதிப்பெண் எடுத்தால் போதும் என்ற பேச்சு இல்லை. நூற்றுக்கு நூறு வரும் வரைக்கும் திரும்ப எழுத வேண்டும்.

நாங்கள் தயாரிக்கும் கேள்வித்தாளை அச்சுக்கு அனுப்பும் முன், நர்சிங் படிக்காத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுகிறோம். பெரும்பாலும் ஆபீஸ் கிளார்க்கு அண்ணன்தான். "இந்த வாக்கியம் எனக்கு விளங்கவில்லை" என்று அவர் சொன்னால், மருத்துவச் சொல்லை விட்டுவிட்டு மற்றதை மாற்றி எழுதுகிறோம். பள்ளிப் பரீட்சையில் மருத்துவச் சொல் அல்லாத எந்த வார்த்தைக்கும் கை உயர்த்தி அர்த்தம் கேட்கலாம். வாய்மொழிப் பரீட்சையில் கேள்வி கேட்ட பின் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் சற்றுக் காத்திருக்கிறோம். தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் சொல்ல ஒரு பிள்ளைக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுத்தால் எத்தனையோ பேர் சரியான பதிலைச் சொல்லுகிறார்கள்.

அரசாங்கப் பரீட்சையின் கேள்வித்தாள் எங்கள் கையில் இல்லை. அதனால் கடைசி மாதங்களில் அந்த "எனுமரேட்" வகை வார்த்தைகளையும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. பரீட்சகர்களாகப் போகும் எங்கள் சக ஆசிரியைகளிடம், எளிய வாக்கியத்தில் கேளுங்கள் என்று ஒவ்வொரு வருடமும் கேட்டுக்கொள்ளுகிறோம். சிலர் செவிகொடுக்கிறார்கள்.

எல்லாப் பிள்ளைகளும் தேறிவிடுகிறார்களா என்றால், இல்லை. உண்மையாகவே படிக்காமல் தவறுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக நான் பரிந்து பேச வரவில்லை. ஆனால் இப்பொழுது ஒரு பிள்ளை தவறினால், முதலில் அவளை அழைத்து அதே கேள்வியைத் தமிழில் கேட்கிறோம். தமிழில் பதில் சொல்லிவிட்டால் அவளுக்கு வேண்டியது ஆங்கிலம். தமிழிலும் தெரியாவிட்டால் அவளுக்கு வேண்டியது பாடம். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை டிரங்குப் பெட்டியோடு போன பிள்ளைக்கு நான் கொடுக்கவில்லை.

கடிதம் எழுதிய தாயாருக்கு இனி என் பதில். அம்மா, நீங்கள் தாங்குகிற பிள்ளையையும் அப்படி அழைத்துக் கேட்டோம். தமிழில் தடையில்லாமல் சொன்னாள். மறுபடியும் எழுதப் போகிறாள். இன்னும் சில மாதங்கள் அவளைப் பொறுத்துக்கொள்ளும்படி உங்களைக் கேட்கிறேன். உங்கள் பணம் வீணாகவில்லை.

மற்ற உங்கள் எல்லாரிடத்திலும் ஒரு விண்ணப்பம். இந்த முறை உண்டியலைப் பற்றியது அல்ல. உங்கள் சபைகளில் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்கள், ஆசிரியைகள் இருப்பார்கள். வாரத்தில் ஒரு மாலை நேரம் வந்து எங்கள் பிள்ளைகளோடு உட்கார முடியுமா என்று அவர்களிடம் கேளுங்கள். இலக்கணம் நடத்த வேண்டாம். ஒரு கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு அவர்களோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தால் போதும். பிழையாகச் சொன்னால் சிரிக்காதவர்களாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

அந்த டிஜாக்சின் மாணவி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அரசாங்கப் பரீட்சையில் அவளும் ஒரு பாடத்தில் தவறி, மறுமுறை எழுதித் தேறினாள். இன்றைக்கு அதே மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்சாக இருக்கிறாள். நீங்கள் வார்டைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது மருந்து டிராலியின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உட்புறத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். ஆங்கில வார்த்தைகள் சுமார் இருபது, எதிரே தமிழ் அர்த்தம், எல்லாம் அவள் கையெழுத்து. முதல் வரியில் வித்ஹோல்டு என்று எழுதி, எதிரே "கொடுக்காதே, நிறுத்தி வை, டாக்டரைக் கூப்பிடு" என்று எழுதியிருக்கிறாள். புதிதாக வருகிற ஒவ்வொரு மாணவியும் அதை வாசித்துக் காட்டிய பிறகுதான் டிராலியைத் தொட விடுகிறாள்.